மார்சிலிங்கிலிருந்து தேக்காவுக்கு, எண்ணெய் விளக்கு மின்ன மின்ன

பழைய காரில் கல்யாணப் பெண்ணை அழைத்துப் போகலாமா என்று இந்தத் தளத்தில் அடிக்கடி கேட்கிறீர்கள். போகலாம். நான் போயிருக்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை மதியம், என் தங்கை வாசுகியை உட்காரவைத்து, சிங்கப்பூரின் வடகோடியில் இருக்கும் மார்சிலிங்கிலிருந்து நகருக்குள் தேக்காவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தேவாலயம் வரை. இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதன்பிறகு எவ்வளவோ தூரம் ஓட்டிவிட்டேன், ஆனால் அவ்வளவு நீளமான பயணம் இன்னொன்று வாய்க்கவில்லை.

நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை ஜோசப் கத்தோலிக்கர். நாங்கள் வெள்ளிக்கிழமை தவறாமல் முருகன் கோயிலுக்குப் போகிற குடும்பம். அம்மா சம்மதிக்க ஒரு வருடம் பிடித்தது. அதுவும் "என்னமோ பண்ணுங்க" என்கிற வகைச் சம்மதம். தேவாலயத்தில் கல்யாணத் திருப்பலி மூன்று மணிக்கு. நான்கு மணிக்கு அதே இடத்தில் வேறொரு கல்யாணம், தாமதமானால் இன்னொரு நாள்தான் என்று பாதிரியார் முன்பே சொல்லியிருந்தார். இன்னொரு நாள் என்றால் அம்மா மறுபடி தலையாட்டுவார் என்று எனக்கு நம்பிக்கையில்லை. வாசுகிக்கும் இல்லை.

என்னுடையது செகண்ட் ஹேண்ட் ஜப்பான் கார். முதல்நாள் சாயங்காலமே டயர், பேட்டரி, எண்ணெய் எல்லாம் பார்த்தாகிவிட்டது. மாப்பிள்ளையைக்கூட நாங்கள் அவ்வளவு துருவிப் பார்க்கவில்லை. ஒன்றே முக்காலுக்குக் கிளம்பினோம். பின்சீட்டில் வெள்ளைப் பட்டுச் சேலையில் வாசுகி, பக்கத்தில் அம்மா.

அப்போது புக்கிட் தீமா விரைவுச்சாலை கிடையாது. உட்லண்ட்ஸ் ரோடு, பிறகு புக்கிட் தீமா ரோடு, வழியெல்லாம் லாரி. முதல் சிக்னலில் நின்றதும் டாஷ்போர்டில் சிவப்பாக ஏதோ மின்னியது. இன்றைய கார்களில் எஞ்சின் படம் போட்ட விளக்கு பயமுறுத்தும். அன்று எங்களைப் பயமுறுத்தியது எண்ணெய்க் குவளை படம் போட்ட விளக்கு. எஞ்சினுக்குள் எண்ணெய் அழுத்தம் குறைந்தால் அது எரியும். மதிக்காமல் ஓட்டினால் எஞ்சின் இறுகி, கார் நடுரோட்டிலேயே நின்றுவிடும்.

பச்சை விழுந்து கிளம்பியதும் விளக்கு அணைந்தது. அடுத்த சிக்னலில் மறுபடி மின்னியது. வெளியே ஒரு சிவப்பு, உள்ளே ஒரு சிவப்பு.

"ஓரமா நிப்பாட்டி பானெட்டத் தொறந்து பாத்துடறேன்" என்றேன்.

"அதெல்லாம் ஒன்னும் வேணாம். நீ ஓட்டு" என்றார் அம்மா, வெடுக்கென்று.

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணம் நின்றால் இவருக்குச் சந்தோஷம்தானோ என்றுகூட நினைத்தேன். நிற்கும்போதெல்லாம் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்துப் பிடித்தேன், விளக்கு அடங்கியது. ஆனால் அது நோயைக் குணமாக்குவதில்லை, மறைப்பதுதான். கண்ணாடியில் வாசுகியைப் பார்த்தேன். மணிக்கட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புக்கிட் தீமாவில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் திருப்பிவிட்டேன். பெட்ரோல் போடுகிற அண்ணன் தமிழர். விளக்கைக் காட்டினேன்.

"மொதல்ல எஞ்சின ஆஃப் பண்ணுங்க லா. ஆயில் லைட் வெளையாட்டில்ல."

"டாக்ஸி கெடைக்குமாண்ணே?"

"சனிக்கெழமை. போன் போட்டாலும் அரை மணிக்கு மேல ஆவும்."

அப்போது மணி இரண்டு இருபது. அம்மா மறுபடி, "தொறக்காதேன்னு சொல்றேன்ல" என்றார். நான் காதில் வாங்காமல் திறந்தேன். அளவுக்கம்பியை உருவித் துடைத்துப் பார்த்தால் எண்ணெய் மேல்கோடு வரை நிற்கிறது. ஸ்டார்ட் செய்து கேட்டால் கடகடவென்ற சத்தம் எதுவும் இல்லை. எண்ணெய் இருக்கிறது, சத்தம் இல்லை என்றால், விளக்கே பொய் சொல்லலாம். அழுத்தத்தை அளக்கும் சின்ன சுவிட்ச் என் காரில் எஞ்சினின் முன்பக்கம், கிரில்லுக்குப் பின்னால் இருந்தது. அதிலிருந்து போகும் ஒற்றை வயர் எங்காவது இரும்பில் பட்டாலே விளக்கு எரியும். எஞ்சினை அணைத்துவிட்டு அந்த வயரைத் தேடிக் கையை விட்டேன். கையில் ஒரு எலுமிச்சம்பழம் அகப்பட்டது.

பழம், மேலும் கீழும் பச்சை மிளகாய், எல்லாம் கம்பியில் கோத்து ரேடியேட்டர் சட்டத்தில் முறுக்கிக் கட்டியிருந்தது. திருஷ்டிக்கு. கம்பியின் வால் நீட்டிக்கொண்டு சுவிட்சின் முனையை உரசிக்கொண்டிருந்தது. வண்டி நிற்கும்போது எஞ்சின் குலுங்கி அதில் பட்டது. ஓடும்போது எஞ்சின் கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்துகொள்ள, விலகியது. அவ்வளவுதான் வியாதி.

பழத்தைக் கையில் பிடித்தபடி பின்சீட் ஜன்னலுக்குப் போனேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"வெளிய கட்டினா அவங்க வீட்டாளுங்க ஏதாச்சும் சொல்லுவாங்க. இவள கொறச்சலா நெனைப்பாங்க. அதான் காலைல உள்ள கட்டினேன்."

வாசுகி அவரையே பார்த்தாள். "ஒனக்கு இந்தக் கல்யாணம் புடிக்கலன்னுல்லம்மா நெனச்சேன்."

"புடிக்குது புடிக்கல, அது வேற. ஒனக்கு ஒன்னும் ஆவக்கூடாதுல்ல" என்ற அம்மா, "அழாத, மை கலையும்" என்று அதட்டினார். அவர் கண்ணே நிறைந்துதான் இருந்தது. எனக்கு என்னை நினைத்து வெட்கமாகப் போயிற்று.

வாசுகி கையை நீட்டிப் பழத்தை வாங்கினாள். கம்பியைப் பிரித்து, மிளகாய்களை என் சட்டைப் பையில் திணித்துவிட்டு, எலுமிச்சையை மட்டும் தன் பூங்கொத்துக்குள் செருகிக்கொண்டாள். ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே இரண்டு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டேன். விளக்கு மின்னவே இல்லை. மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தேவாலய வாசலில் இறங்கினோம். வாசல்படியில் நின்ற அம்மா, ஜோசப்பின் அம்மா கையை நீட்டியதும் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். நான் மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்துத் திருப்பலி முழுக்கக் கண்ணீர் விட்டேன். பாசக்கார அண்ணன் என்று அந்த வீட்டில் இன்றுவரை பேர்.

பழைய வண்டியில் கிளம்புகிறவர்களுக்கு: எண்ணெய் விளக்கு மின்னினால் முதலில் எஞ்சினை அணையுங்கள். எண்ணெய் அளவு பாருங்கள், சத்தம் கேளுங்கள், வயரைப் பாருங்கள். ஒன்றும் பிடிபடவில்லை என்றால் இழுத்துப் போகச் சொல்லுங்கள், ஓட்டாதீர்கள். அடுத்த மாதம் வாசுகியின் மகளுக்குக் கல்யாணம், வண்டி ஓட்டப்போவது நான். கிரில்லுக்குப் பின்னால் நானே எலுமிச்சை கட்டப்போகிறேன், நூலில்.