பத்தொன்பதில் நிற்கும் கை

உத்தமன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதலில் கைகால் கழுவுவார். ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடியே, யாரும் கேட்காமலே, "பத்தொம்போது" என்பார். அதன் பிறகுதான் சாப்பாட்டுக்கு உட்காருவார். அவருடைய மகள் வனஜா பத்து வயதிலிருந்து இந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவள்.

ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் நடுவே இருந்த கிளப்பில் அவர் மார்க்கர். டேபிள் டென்னிஸ் போர்டை விரித்து வலை கட்டுவது, உருண்டோடும் பந்தை எடுத்துக் கொடுப்பது, ஜோடி இல்லாமல் வருகிறவர்களுக்கு எதிர்ப்பக்கம் நின்று ஆடுவது, இதெல்லாம் அவர் வேலை. கிளப் செக்ரட்டரி இராமகிருஷ்ணன் தினமும் ஜோடி இல்லாமல்தான் வருவார். ஆட்டத்துக்கு இருபத்தொரு பாயிண்ட். செக்ரட்டரி இருபத்தொன்று, உத்தமன் பத்தொன்பது. பதினோரு வருஷமாக இதில் மாற்றமில்லை.

"ரெண்டே ரெண்டு பாயிண்ட்டு" என்பாள் வனஜாவின் அம்மா சொர்ணம். "பூந்தமல்லி சந்தையில விக்கிதான்னு பாக்குறேன். வாங்கியாந்து இந்த ஆளு கையில குடுத்துடலாம்."

அப்பா ஒரு மயிரிழையில் தோற்கிற மனிதர் என்றுதான் வனஜா நம்பிக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ படிக்கும்போது ஒருநாள் டிபன் கொடுக்கப் போனவள், ஆட்டம் முடியும்வரை கதவருகே நின்றாள். அன்றுதான் கவனித்தாள். செக்ரட்டரியின் பேட் எங்கே இருக்கிறதோ, அப்பாவின் பந்து அங்கே தேடிப் போய் விழுந்தது. செக்ரட்டரி ஓங்கி அடித்து, "எப்படி?" என்பார். அப்பா தலையில் கை வைத்து, "சான்ஸே இல்ல சார்!" என்பார்.

வரும் வழியில் கேட்டாள். "இன்னா நைனா இது?"

"இன்னாது இன்னா? அதுக்குத்தாம்மா சம்பளம். உன் பீஸு எங்கிருந்து வருதுன்னு நெனச்ச?"

அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் காலேஜுக்குப் போனவள் அவள்தான். பி.காம். சான்றிதழைக் கையில் வாங்கிய அன்றும், இதில் எத்தனை பத்தொன்பது சேர்ந்திருக்கிறது என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

எண்பத்தொன்பதாம் வருஷம் அக்டோபரில் இராமகிருஷ்ணன் தொழிற்சாலையிலிருந்து ரிட்டையர் ஆக வேண்டியிருந்தது. உத்தமன் அதுவரை கேஷுவல்தான். அவரை நிரந்தரமாக்கக் கமிட்டிக்குச் செக்ரட்டரி ஒரு கடிதம் எழுத வேண்டும். "எழுதிடலாம்ப்பா" என்று இராமகிருஷ்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு நடுவில் அவருக்கு ஒரு ஆசை வந்துவிட்டது.

"ஆவடிக்குள்ளேயே ஆடி என்ன பண்றது? ரிட்டையர் ஆகறதுக்குள்ள பட்டணத்துல இருக்கற கிளப்புக்கெல்லாம் போய் ஒரு கை பாத்துடணும். வனஜா, உனக்குத்தான் பஸ் ரூட்டெல்லாம் தெரியுமே. நீயும் வா."

ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் லோக்கல் டிரெயின் ஏறினார்கள். பையைத் தூக்கிக்கொண்டு உத்தமன் பின்னால் வருவார். முதல் வாரம் பெரம்பூர். ரயில்வேக்காரர்கள் ஆடும் பழைய கூடம், மரத்தரை. அங்கே பென்ஷன் வாங்கும் ரயில் கார்டு ஒருவர் நின்ற இடத்தைவிட்டு நகராமலே இராமகிருஷ்ணனை ஏழு பாயிண்ட்டில் சுருட்டிவிட்டார். தரை சரியில்லை என்றார் இராமகிருஷ்ணன். அடுத்த வாரம் கீழ்ப்பாக்கத்தில் ஒரு மாடி ஹால். மொசைக் தரை, நல்ல வெளிச்சம், உறுப்பினர் அல்லாதவர்களுக்கு மாலை ஐந்து வரை அனுமதி. அங்கே ஐந்து பாயிண்ட். ஃபேன் காற்று பந்தைத் தள்ளிவிட்டதாம். "ஆமா சார், பேய்க் காத்து" என்றார் உத்தமன். வனஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாவது வாரம் வேப்பேரி. சர்ச்சுக்குப் பின்னால் தாழ்வான ஓட்டுக் கட்டிடத்தில் இரண்டு போர்டுகள். கிளப்பை நடத்திய தேவராஜ் பாங்க் ஊழியர், கலகலப்பானவர். இராமகிருஷ்ணனை எட்டில் முடித்துவிட்டு, ஓரமாக நின்ற உத்தமனைப் பார்த்தார்.

"நீங்க ஒரு கை போடறது?"

"நான் மார்க்கர் சார்."

"மார்க்கர்னா கை இல்லையா? வாங்க!"

உத்தமன் செக்ரட்டரியைப் பார்த்தார். இராமகிருஷ்ணன் பெருந்தன்மையாகத் தன் பேட்டை நீட்டினார். "ஆடுப்பா. என்னையே எட்டுல முடிச்சுட்டாரு. பாத்து ஆடு."

"ஆடு நைனா" என்றாள் வனஜா.

செருப்பைக் கழற்றிவிட்டு உத்தமன் போர்டுக்கு வந்தார். பக்கத்துப் போர்டில் ஆடியவர்களும் வந்து நின்று பார்த்தார்கள். இத்தனை வருஷம் பேட்டைத் தேடிப் போன பந்து, இப்போது பேட் இல்லாத இடமாகப் பார்த்துப் போய் விழுந்தது. பத்துக்கு நாலு. பதினாறுக்கு ஒன்பது. பத்தொன்பதுக்குப் பதினொன்று.

பத்தொன்பதில் அவர் கை நின்றுவிட்டது. ஒரு பந்து வலையில் பட்டது, அடுத்தது வெளியே போனது. அதற்கடுத்தது தேவராஜின் பேட்டுக்கு நேராகப் போனது, தட்டில் வைத்துக் கொடுத்தமாதிரி. பதினைந்து, பதினேழு, பத்தொன்பது. இருவரும் சமம். அப்பாவின் முகத்தைப் பார்த்த வனஜாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குமேல் எப்படிப் போவது என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை.

"நைனா! அவரு நம்ம செக்ரட்டரி சார் இல்ல! அடி!"

என்னவென்று புரியாமலே எல்லாரும் சிரித்தார்கள். இராமகிருஷ்ணன் சிரிக்கவில்லை. உத்தமன் மகளை ஒருதரம் பார்த்தார். பிறகு இரண்டே பந்து, இரண்டும் காலி மூலையில். இருபத்தொன்றுக்குப் பத்தொன்பது.

திரும்பும் ரயில் கொரட்டூரைத் தாண்டியபோது இராமகிருஷ்ணன் கூப்பிட்டார்.

"உத்தமா."

"சார்."

"எல்லா ஆட்டமுமா?"

"மொதோ நாளு மட்டும் இல்ல சார். நீங்க யாருன்னு அன்னிக்கித் தெரியாது."

"அன்னைக்கு நான் ஆறு எடுத்தேன்" என்றார் இராமகிருஷ்ணன். "எனக்கு அன்னைக்குக் காய்ச்சல்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன்."

ஆவடியில் இறங்கியவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அந்தக் கடிதம் இனி கிடைக்காது என்று வனஜா நினைத்தாள். அவள் கத்தியது அப்பாவுக்காகவா? இல்லை, தோற்கிற அப்பாவைப் பார்த்து வெட்கப்பட்ட ஒரு பட்டதாரி தனக்காகக் கத்திக்கொண்டாளா?

பத்து நாள் செக்ரட்டரி கிளப் பக்கம் வரவில்லை. பதினோராம் நாள் வந்து உத்தமனிடம் ஒரு கவரை நீட்டினார். கடிதம்தான். கையெழுத்துப் போட்டிருந்தது.

"இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லப்பா. ஆனா எனக்கு ஒண்ணு வேணும். நான் போறதுக்குள்ள ஒரே ஒரு நெஜ ஆட்டம். ஆறுல தோத்தாலும் பரவால்ல."

"சரி சார்" என்று உத்தமன் வாக்குக் கொடுத்தார்.

பிரிவுபசார விழா நடந்த அன்று அந்த ஆட்டம் வைக்கப்பட்டது. கழுத்தில் மாலையோடு இராமகிருஷ்ணன், முன்வரிசையில் அவருடைய மனைவி, சுற்றிலும் குவார்ட்டர்ஸ் ஜனம். வனஜா சாக்பீஸால் பாயிண்ட் எழுதினாள். கடைசியாக எழுதியது இருபத்தொன்று, பத்தொன்பது. கைதட்டல் ஓய்வதற்குள் இராமகிருஷ்ணன் தானே குனிந்து பந்தை எடுத்து உத்தமனின் உள்ளங்கையில் வைத்தார்.

"இது சேராது. பாக்கி வெச்சிருக்க."

வீட்டுக்கு வந்ததும் வனஜா விடவில்லை. "வாக்கு குடுத்தியே நைனா?"

"மாலையோட நிக்கிறாரும்மா. ஊட்டம்மா எதிர்ல குந்திகினு கீறாங்க. எப்பிடி அடிக்கச் சொல்ற?" என்றார். அன்று அவர் கைகழுவியபின் எண் எதுவும் சொல்லவில்லை.

இராமகிருஷ்ணன் வேப்பம்பட்டில் வீடு கட்டிக்கொண்டு போனார். ரயிலில் வருகிறவர்களிடம், "பாக்கி என்னாச்சுன்னு கேளு" என்று சொல்லி அனுப்புவார். பொங்கல் போகட்டும் என்பார் உத்தமன். மழை விடட்டும் என்பார். தொண்ணூற்றாறில் ஒரு பங்குனி வெயிலில் சைக்கிளில் போன உத்தமன், மாரைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

காரியத்தன்று இராமகிருஷ்ணன் வந்தார். உடம்பு தளர்ந்திருந்தது. எல்லாரும் சாப்பிடப் போனபின் வனஜாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஒரு சந்தேகம்மா. அந்தக் கடைசி ஆட்டத்துல முடிவுல நாலு பாயிண்ட் நான் நல்லா அடிச்ச மாதிரி இருக்கு. ஒருவேளை அது நெஜமோ?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் நிம்மதியாக ரயில் ஏறுவார். ஆனால் அப்பா போட்ட அந்த நாலு பந்தும் எங்கே போய் விழுந்தன என்பது, அவள் கையில் இருந்த சாக்பீஸோடு சேர்ந்து அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"இல்ல சார். பாக்கிதான்."

அவர் தலையாட்டினார். அதைக் கேட்கத்தான் வந்தவர்போல் இருந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றவர், "ஆடியிருந்தா ஆறுக்கு மேல எடுத்திருப்பேன், இல்ல?" என்றார்.

"எடுத்திருப்பீங்க சார்" என்றாள் வனஜா.