பேசாத ஓடக்காரன்

தாம்பெரே என்ற குளிர்தேசத்து ஊரில் ஒரு சின்ன வீடியோ கேம் நிறுவனத்தில் வெய்யோவுக்கு வேலை, விளையாடுவது. கேட்பவர்களுக்குப் பொறாமையாக இருக்கும். ஒரே மந்திரவாதியை ஒரே பாலத்திலிருந்து நாள் முழுக்கக் கீழே தள்ளி, எங்கே பிழை வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பொறாமை போய்விடும். ஆனாலும் ஆள் கில்லாடி. சுவருக்குள் புகுந்துவிடும் குதிரையை நொடியில் பிடித்துவிடுவான்.

அப்போது செய்துகொண்டிருந்த மாயாஜால விளையாட்டில் சண்டை படுமந்தம். ஓங்கிய வாள் இறங்குவதற்குள் காபி ஆறிவிடும். பைக்குள் மூலிகையைத் தேடி எடுப்பதற்குள் எதிரிக்கே இரக்கம் வந்துவிடும். சரிசெய்யக் காசும் இல்லை, ஆளும் இல்லை. விளையாட்டைத் தாங்கியதே அதில் வரும் மனிதர்கள்தான். அவர்களை எழுதியவள் ஹில்க்கா, அந்த அலுவலகத்தில் வெய்யோவுக்கு இருந்த ஒரே சிநேகிதி.

வெளியீடு நெருங்கும்போது ஹில்க்கா முதுகில் அறுவைச் சிகிச்சைக்காக விடுப்பில் போனாள். அந்த வாரம்தான் வெய்யோ ஏரிக்கரை ஓடக்காரனிடம் வந்து சேர்ந்தான். பேசவைக்கும் பொத்தானை அழுத்தினான். ஓடக்காரன் வாயைத் திறக்கவில்லை. மறுபடி மறுபடி அழுத்தினான். அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு இருந்தான்.

"இவன் ஊமையா, இல்ல உள்ள ஏதாவது புட்டுக்கிச்சா?" என்று புரோகிராமர் ஓஸ்க்குவிடம் கேட்டான்.

"எழுதினவளுக்கே ஒரு போனைப் போட்டுக் கேளேன்."

"ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவளை எதுக்குப்பா தொந்தரவு பண்ணிக்கிட்டு? நீயே சரிபண்ணிடு."

அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான். தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைத்தே ஒருவரையொருவர் கொன்றுவிடுவார்கள். ஓஸ்க்கு சரிசெய்தான். அழுத்தியதும் ஓடக்காரன், "வாங்க, அக்கரைக்கா?" என்றான்.

விமர்சனங்கள் வந்தன. இசை அருமை, காடு அழகு, சண்டை சகிக்கவில்லை. எதிர்பார்த்ததுதான். ஒருவர் மட்டும், எல்லா மனிதர்களும் மனதில் நிற்கிறார்கள், ஓடக்காரன்தான் டிக்கெட் கொடுப்பவன் மாதிரி இருக்கிறான் என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டுத்தான் ஹில்க்கா வேலைக்குத் திரும்பினாள்.

"ஓடக்காரன் ஏன் உடனே பேசுறான்?"

வெய்யோ நடந்ததைச் சொன்னான். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம் என்று அவனுக்கு இருந்தது.

"பொத்தானை விட்டுட்டு அவன் பக்கத்துல சும்மா உட்காரணும். கொஞ்ச நேரம் கழிச்சு, தன் பையன் ஏரியில முங்கிப்போனதை அவனே சொல்லுவான். நான் எழுதினதுலயே எனக்குப் பிடிச்சது அது ஒண்ணுதான்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லிட்டா அப்புறம் அதுல என்ன இருக்கு?"

"பழையபடி மாத்திடலாம் ஹில்க்கா. ஒரு நாள் வேலைதான்."

"மாத்தலாம். வாங்கினவங்க எல்லாரும் அக்கரைக்குப் போயிட்டாங்களே."

வெய்யோவுக்கு அவமானத்தில் காது சுட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான்.

"மத்தவங்க அழுத்திக்கிட்டே இருப்பாங்கன்னு எனக்குத் தெரியும்," என்றாள் ஹில்க்கா. "இத்தனை வருஷம் எங்கூட ஒரு வார்த்தை பேசாம காபி குடிச்சவன் நீ. நீ உட்காருவேன்னு நெனச்சேன்."