எட்டுகிற தூரத்தில் ஒரு மாத்திரை

"…ஓடுனது ஒரே ஒரு ஆளு மதினி, அவ பின்னால ஆபீஸே ஓடிருச்சு! ஒங்க ஒத்த மாத்திரைக்காக எத்தன பேரு முள்ளுக்காட்டுல விழுந்து எந்திரிச்சாக தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டே கேட் மதினி என் தோளில் ஒரு கையை வைத்து, மறு கையால் இடுப்பைத் தடவிச் சோதனை போட்டார். வரிசையில் பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கை இறங்கிக்கொண்டிருந்த பக்கத்தில், சேலைக் கொசுவத்துக்குள், நான் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். வேப்பமரத்தடியில் போர்மேன் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த முடிச்சுக்குள் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டுமானால் போன வருஷத்து வெயில் காலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அன்றைக்குக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது நெஞ்சை ஏதோ கவ்வியது. எங்கள் ஆனைக்குட்டம் பக்கத்தில் நெஞ்சு வலி என்று யாரும் சொல்வதில்லை, "கவ்வுது" என்றுதான் சொல்வார்கள். நாய் கவ்வுவதுபோல என்று நினைத்திருந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, நாயாவது உதறினால் விடும். விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் என்னைப் பிழைக்க வைத்தார்கள். திரும்பி வந்தபோது என்னோடு மாத்திரைகளும் வந்தன. காலையில் சில, ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு சில. இவை போக, வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற குட்டி மாத்திரை ஒன்று.

மருந்துக் கடை அண்ணாச்சி இரண்டையும் பிரித்து என் கையில் வைத்துச் சொன்னார்: "இது சோறு. தெனம் திங்கணும், பசிக்கலைன்னாலும் திங்கணும். இது தீயணைப்பு வண்டி. சும்மா சும்மா கூப்பிடக் கூடாது. கூப்பிட்டா வராம இருக்கவும் கூடாது." டாக்டர் இங்கிலீஷ் கலந்து நெடுநேரம் சொன்னது இதைத்தான். அண்ணாச்சி சொன்னது மட்டும்தான் எனக்கு மறக்கவில்லை.

சோற்றை மறக்காமல் தின்பது பெரிய வேலையில்லை. மல்லாங்கிணற்றில் கட்டிக்கொடுத்த மகள் முன்பெல்லாம் போனை எடுத்ததும் "சாப்பிட்டீகளா" என்பாள். இப்போது "போட்டீகளா" என்கிறாள். ஊர்ப் பொங்கலுக்குக் கடையை அடைத்துவிடுவார்களே என்று ஒரு வாரம் முன்பே அண்ணாச்சி கடையில் போய் நிற்பேன். "இன்னும் இருக்குமே தாயி" என்பார். இருக்கும்தான். இருக்கும்போதே வாங்கினால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

தீயணைப்பு வண்டிதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. வலி எந்த இடத்தில் வரும் என்று யாருக்குத் தெரியும்? அடுப்படியில் ஒரு துண்டு, தலைமாட்டில் ஒரு துண்டு, குளியலறை மாடத்தில் ஒரு துண்டு என்று அட்டையைக் கத்திரித்துக் கத்திரித்து வைத்தேன். என் வீட்டுக்காரர் விருதுநகரில் மிளகாய் வத்தல் குடோனில் வேலை பார்க்கிறார். "வீட்ல சாமிக்கு அடுத்தாப்புல இந்த மாத்திரைதான் எல்லா மூலையிலயும் குடியிருக்கு" என்று கேலி செய்வார். செய்துவிட்டு, எனக்குத் தெரியாமல் தன் வண்டி சீட்டுக்கு அடியிலும் ஒரு துண்டு வைத்திருந்தார். வெயிலில் காய்ந்து அது மாவாகிப் போயிருந்தது. "சூடு ஆகாது" என்று அண்ணாச்சி சொன்ன பிறகு எனக்குத் தகரக் கூரையைப் பார்த்தால் பயம், மத்தியானத்தைப் பார்த்தால் பயம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ரயில்வே கேட் ஒன்று இருக்கிறது. வலி வந்தால் வரட்டும், ரயில் வராத நேரமாகப் பார்த்து வரட்டும் என்று மாரியம்மனிடம் கேட்டிருக்கிறேன். சாமிக்கே சிரிப்பு வந்திருக்கும்.

இத்தனை ஏற்பாடும் வீட்டுக்குத்தான். பகலெல்லாம் நான் இருப்பது வெடி ஆபீசில்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். இங்கே பட்டாசுக் கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பேனா பிடிக்கிறவர்கள் இருக்கும் ஆபீஸ் இல்லை. கருவேல முள்ளுக்காட்டுக்கு நடுவில் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன ரூம்கள். ஒன்று போனாலும் இன்னொன்று தப்பட்டும் என்றுதான் அத்தனை இடைவெளி. நான் இருப்பது பெட்டி போடுகிற ரூம். உட்கார்ந்து செய்கிற வேலை, செய்யலாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். கேட்டில் ஒவ்வொரு ஆளையும் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள். போன், பீடி, கொண்டை ஊசி எதுவும் போகக் கூடாது. பெண்களைச் சோதிப்பவர்தான் கேட் மதினி. நான் அவரை மதினி என்பேன், அவரும் என்னை மதினி என்பார். எங்களில் யார் மூத்தவர் என்ற பஞ்சாயத்து இன்னும் தீரவில்லை.

முதலில் மாத்திரையைச் சோற்றுப் பையில் போட்டுக்கொண்டு போனேன். பையைக் கேட் பக்கத்துச் சாப்பாட்டுக் கொட்டகையில் வைத்துவிட வேண்டும். பை அங்கன, நான் இங்கன. இது சரிப்படாது என்று ஒரு நாள் மாத்திரையை இடுப்பில் செருகிக்கொண்டேன். எதில் வைத்துச் செருகினேன் என்பதுதான் கூத்து.

எங்கள் பக்கத்து வீடுகளில் காலித் தீப்பெட்டிக்குப் பஞ்சமே கிடையாது. ஊசி அதில்தான், பித்தான் அதில்தான், பிள்ளைகளுக்கு விழுந்த பல்லும் அதில்தான். நானும் கல்யாணத்துக்கு முன் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவள். கத்திரித்த மாத்திரைத் துண்டு தீப்பெட்டிக்குள் அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். வெடி ஆபீஸ் கேட்டுக்குத் தீப்பெட்டியோடு போகிறோம் என்ற நினைப்பு கடுகளவும் இல்லை.

கேட் மதினியின் கை இடுப்பில் பட்டு நின்றது. உருவினார். பார்த்தார். அவர் போட்ட கூச்சலில் வரிசையே நாலு எட்டுப் பின்வாங்கியது. திறந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் தீப்பெட்டியை முக்கி, முங்கிப்போன பிறகும் கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்திருந்தார், கோழிக் கழுத்தைப் பிடிப்பதுபோல.

"அது மாத்திர மதினி! நெஞ்சுக்குப் போடுற மாத்திர!" என்று கத்தினேன்.

வெளியே எடுத்தார். நனைந்து பிரிந்த அட்டைப்பெட்டிக்குள் மாத்திரை அட்டை மினுங்கியது. "நெஞ்சு மாத்திரையத் தீப்பெட்டில வச்சுக் கொண்டாந்து எனக்கு நெஞ்சு வலி வர வச்சிட்டீகளே! தீப்பெட்டி ஆபீஸ் புத்தி போகுதா பாரு" என்று திட்டினார். இன்னொரு ஆபீசில் நடந்த விபத்தில் தங்கச்சியைப் பறிகொடுத்தவர் அவர். அது எனக்குத் தெரியும்.

போர்மேன் வந்து விசாரித்தார். கெட்டவர் இல்லை. ஒரு தப்பு நடந்தாலும் ஆபீசுக்குப் பூட்டு விழும் என்ற பயத்திலேயே இருக்கிற மனுஷன். "இன்னைக்கு மாத்திரைம்பீக, நாளைக்கு ஒருத்தி வேற ஒண்ணும்பா. எதுவும் உள்ள போகாது. மாத்திர கேட்டுலயே இருக்கட்டும், தேவைப்பட்டா ஆளனுப்பி வாங்கிக்கிடுங்க" என்றார். மறுநாள் நான் கொண்டுபோன புது மாத்திரைத் துண்டைக் கேட் மதினி தன் பைக்குள் வாங்கி வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து பெட்டி மடக்குகிற நேரமெல்லாம் என் கண் கேட்டைத்தான் பார்க்கும். எனக்கும் மாத்திரைக்கும் நடுவில் எத்தனை ரூம், எத்தனை மரம், எவ்வளவு மண் பாதை. காற்றில் தூசி கிளம்பிக் கேட் மறைந்தால் மூச்சு முட்டும். இல்லாத வலியை நானே வரவழைத்துவிடுவேனோ என்று அதற்கும் பயந்தேன்.

ஒரு விஷயம் எங்களில் யாருக்குமே தோன்றவில்லை. வெடி ஆபீசில் கெட்ட வார்த்தைகூடப் பேசலாம், ஓடக் கூடாது. ஒரு ஆள் ஓடினால் எங்கேயோ தீப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ஏன், எங்கே என்று நின்று கேட்டவர்கள் திரும்பி வந்ததில்லை. அதனால் யாரும் கேட்க மாட்டோம், ஓடுவோம். வேலைக்குச் சேரும்போது முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான்.

தீபாவளிச் சீசன். லோடு ஏற்ற லாரிகள் வெளியே நின்றன. நான் ஒரு பெட்டியை மடக்கிக்கொண்டிருக்கும்போது கவ்வியது. இடது தோள், தாடை, அப்புறம் நெஞ்சு. வேர்த்துக் கொட்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவிடம், "அக்கா, கேட்டுல… மாத்திர…" என்றேன்.

அந்த அக்கா கனத்த உடம்புக்காரர். அவர் எழுந்து நடந்தாலே "தேர் வருது, வழி விடுங்க" என்று கேலி செய்வார்கள். பஸ்ஸுக்குக்கூட அவசரப்பட்டதில்லை, பஸ்தான் அவருக்காக நிற்கும். அந்த அக்கா என் முகத்தைப் பார்த்தார், எழுந்தார், ஓடினார்.

வேறு யார் ஓடியிருந்தாலும் ஒரு நொடி யோசித்திருப்பார்கள். அந்த அக்காவே ஓடுகிறார் என்றதும் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. எங்கள் ரூமில் இருந்தவர்கள் ஓடினார்கள். அடுத்த ரூம், அதற்கடுத்த ரூம். "ஓடுங்க, ஓடுங்க!" என்று சத்தம். முள்ளுக்காட்டுப் பக்கம் பாதி, கேட்டுப் பக்கம் பாதி. சற்று நேரத்தில் அந்த ரூமில் நானும் கட்டுக்கட்டாக வெடியும் மட்டும்தான்.

அக்கா எனக்காக ஓடியதைப் பார்த்துத்தான் அவர்கள் ஓடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அத்தனை பேர் கத்திக்கொண்டு ஓடும்போது தெரிந்ததெல்லாம் தெரியாமல் போகிறது. நிஜமாகவே எங்கேயோ பிடித்துவிட்டதோ? எழ முடியவில்லை. சுவரில் சாய்ந்து மூக்கால் காற்றை இழுத்துப் பார்த்தேன், புகை வாடை வருகிறதா என்று. நெஞ்சு இறுகியது. நான் வைத்திருந்த துண்டுகளை எல்லாம் நினைத்தேன். அடுப்படியில் ஒன்று, தலைமாட்டில் ஒன்று, மாடத்தில் ஒன்று. எல்லாம் பத்திரமாக இருந்தன, வீட்டில்.

அப்போது பாதையில் ஒரே ஒரு ஆள் உள்ளே வருவது தெரிந்தது. மற்ற எல்லோரும் வெளியே போகிறார்கள், ஒரு ஆள் மட்டும் உள்ளே வருகிறார். ஓடவில்லை. கையை வீசி, விறுவிறு என்று நடை.

கேட்டில் நடந்ததைப் பின்னால் சொன்னார்கள். அக்கா மூச்சு வாங்கிப் பேச முடியாமல் போய் விழுந்திருக்கிறார். "எங்கன வெடிச்சது? எங்கன?" என்று கேட் மதினி உலுக்கியிருக்கிறார். அக்கா வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, அடியில் விரலை வைத்துக் காட்டியிருக்கிறார். அவ்வளவுதான். தீப்பிடிக்கவில்லை என்று அதற்கு மேல் யாரும் கேட் மதினியிடம் உறுதி சொல்லவில்லை. கூட்டம் கத்திக்கொண்டுதான் இருந்தது. தங்கச்சியைத் தீக்குக் கொடுத்த மனுஷி பையை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்துவிட்டார்.

"வாயத் தொறங்க" என்றார். வாயில் வைக்க வேண்டுமே என்று தொட்டியில் கை கழுவி வந்திருந்தார், விரல் ஈரமாக இருந்தது. நாக்குக்கு அடியில் மாத்திரை கரைந்தது. நெஞ்சின் பிடி மெல்ல விட்டது. அவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். வெளியே கத்தல் அடங்கும்வரை எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். டாக்டர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "மாத்திரை உங்க கைக்கு எட்டுற இடத்துல இருக்கணும்மா. இன்னொருத்தர் கைக்கு எட்டுற இடத்துல இல்ல." ஆபீசிலிருந்து போர்மேன் வேறு சொல்லி அனுப்பியிருந்தார். முள் கிழித்தவர்கள், கால் பிசகியவர்கள், பாதி நாள் வேலை நின்றது என்று அவருக்கும் கோபம். "மாத்திர உள்ள போகாது, ஓட்டமும் கூடாது. முடிஞ்சா வரட்டும், இல்லைன்னா வீட்ல இருக்கட்டும்."

வேண்டாம், நின்றுவிடு என்றார் வீட்டுக்காரர். வீட்டில் சும்மா இருந்தால் ஒவ்வொரு மூலையிலும் மாத்திரை என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் கிளம்பினேன். பழைய வேட்டித் துணியில் ஒரு மாத்திரைத் துண்டைச் சுற்றி, பின்கொசுவம் வைத்துக் கட்டிய சேலையில் ஆழமாக, பின்பக்கமாக முடிந்துகொண்டேன். என் கையே தேடினால்தான் கிடைக்கும். அகப்பட்டால் அன்றோடு வேலை போய்விடும்.

அப்படித்தான் அன்று காலை கேட்டில் நின்றேன். கேட் மதினி சிரிக்கச் சிரிக்க முள்ளுக்காட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டே தடவி வந்தார். கை முடிச்சில் பட்டது. பேச்சு நின்றது. விரல்கள் துணிக்கு மேலேயே அதை அமுக்கிப் பார்த்தன. மாத்திரை அட்டை லேசாகச் சரசரக்கிற சத்தம் எனக்கே கேட்டது. போர்மேன் மரத்தடியிலிருந்து ஒரு எட்டு முன்னால் வந்தார்.

கேட் மதினி தன் அகன்ற முதுகை அவர் பக்கம் திருப்பினார். கொசுவத்துக்குள் கையை விட்டு அந்த முடிச்சை இழுத்தெடுத்து, பின்பக்கம் இருந்ததை என் வலது கைக்கு நேராக முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து, இறுக்கிச் செருகிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவளின் தோளில் கையை வைத்தார்.