மாதையன் அண்ணனின் துண்டு

போன ஆனி மாதம் ஒரு சாயங்காலம், விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தேன். மகள் தேன்மொழி வீடியோவில் கூப்பிட்டாள். அவள் நர்ஸ். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுக்கடலில் உள்ள ஐல் ஆஃப் மேன் என்ற தீவில், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. வேலை கிடைத்ததும் அவள் ஊர்ப் பெயரைச் சொன்னபோது, மேன் என்றால் ஆம்பளைதானே, அங்கே பொம்பளைகளே இல்லையோ என்று நான் ஒரு வாரம் விளக்கேற்றும்போதெல்லாம் சாமி முருகனைத் தொந்தரவு செய்தேன். என் ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷ் அவ்வளவுதான்.

"ம்மா, இன்னிக்கு இங்க பார்லிமெண்ட்டே வெட்டவெளில நடக்குது, பாரு" என்று போனைத் திருப்பிக் காட்டினாள்.

பச்சைப் புல் மூடிய ஒரு மண்மேடு. நாலு அடுக்கு. நவராத்திரிக்குக் கோயிலில் வைக்கும் கொலுப்படியேதான். பொம்மைகளுக்குப் பதில் கோட்டு போட்ட மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தீவின் எல்லா ஊர் மண்ணையும் கொண்டுவந்து கொட்டிக் கட்டிய மேடு என்று அங்கே ஒரு பேச்சு உண்டாம். பிடிமண் எடுத்துப் போய்ச் சாமி வைப்பதை நாம் மட்டும்தான் செய்கிறோம் என்று நினைத்திருந்தேன். முதலில் எல்லோரும் சர்ச்சில் ஜெபம் முடித்து, கோரை பரப்பிய பாதையில் நடந்து வந்துதான் மேடேறுவார்களாம். சாமியைக் கும்பிட்டுவிட்டுச் சட்டம். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அந்தத் தீவுக்கு இங்கிலாந்து ராஜாதான் ராஜா. ஆனால் அது இங்கிலாந்தின் பகுதி இல்லை. தங்கள் சட்டத்தைத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேலாக இப்படி என்று சொல்லிக்கொள்கிறார்களாம். ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பும் இருபத்து நாலு பேருக்குச் 'சாவிகள்' என்று பெயர். ஏன் சாவி என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்களாம். அதற்கு மேல் சின்னதாக இன்னொரு சபை. இரண்டும் ஒரே இடத்தில் கூடிப் பேசும், ஆனால் ஓட்டு மட்டும் தனித்தனி. இரண்டு பக்கமும் சரி என்றால்தான் சரி. அப்படிச் செய்த சட்டத்தையும் இந்த மேட்டில், இங்கிலீஷிலும் தீவின் பழைய பாஷையிலும், ஜனங்கள் காதில் விழும்படி வாசிக்க வேண்டும். குறித்த காலத்துக்குள் வாசிக்காவிட்டால் அது செத்துவிடும். குறை உள்ள யாரும் அன்றைக்கு மனு கொண்டுவந்து மேட்டடியில் கொடுக்கலாம். கொடுத்தவர் சபையில் பேச முடியாது, ஓர் உறுப்பினர் அதை எடுத்துப் பேச வேண்டும்.

அவள் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மடியில் இருந்த திரியெல்லாம் கீழே கொட்டியது. "அடியே, இந்தப் பார்லிமெண்ட்டுல நீ பொறக்கறதுக்கு முன்னாடியே மெம்பருடி!" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களுக்கும் புரிந்திருக்காது. சொல்கிறேன்.

"கோரை நசுங்கி நம்மூரு ஏரிக்கரை வாசம் அடிக்குதும்மா" என்று அவள் சொன்னதும் என் மூக்கில் ஏறியது ஏரிக்கரை இல்லை, ஈரக் கொத்தமல்லி. மொரப்பூரில் காலைப் பாசஞ்சர் வந்து நின்றால் அந்த வாசம்தான் முதலில் இறங்கும். சந்தைக்குப் போகும் கட்டுகள் கதவோரம் அடுக்கியிருக்கும். கல்யாணமான புதிதில் நான் சேலத்தில் ஒரு கொலுசுப் பட்டறைக்குச் சலங்கை கோக்கும் வேலைக்குப் போய்வந்தேன். ரயிலில் ஒன்றரை மணி நேரம். சிலநாள் இரண்டு. எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு நிற்பதில் எங்கள் பாசஞ்சரைப் போலப் பொறுமைசாலி உலகத்தில் கிடையாது.

இன்ஜினிலிருந்து மூன்றாவது பெட்டி எங்களுடையது. ரயில்வேக்காரர்கள் வேறு மாதிரி நினைத்திருக்கலாம். மொரப்பூரில் ஏறுகிறவர்கள், பொம்மிடியில் ஏறப்போகிறவர்களுக்கு ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பார்கள். துண்டு கிடக்கும் இடத்தில் யாரும் உட்காரக் கூடாது. உறுப்பினர்களுக்கே 'துண்டு' என்றுதான் பெயர். "இன்னிக்கு எத்தன துண்டு?" என்றால் எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அங்கே சாவி, இங்கே துண்டு.

சபாநாயகர் குமாரசாமி அண்ணன், ஒரு பள்ளிக்கூடக் குமாஸ்தா. வண்டி கிளம்பியதும் ஒரு முருகன் பாட்டு. வெள்ளிக்கிழமை என்றால் ஸ்டெல்லா அக்கா ஒரு மாதா பாட்டும் பாடுவார். பிறகு பொதுக் காரியம். சுண்டல் யார் முறை, பீடி எங்கே பிடிக்கலாம், சீட்டாட்டத்தில் சத்தம் எவ்வளவு, எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டு. பெட்டிக்குள் பலகை மறைத்த பகுதியைத் தடுப்பு என்போம்; ஆண்கள் ஒரு தடுப்பு, பெண்கள் ஒரு தடுப்பு. பேச்சு சேர்ந்து, கைதூக்கல் தனித்தனி. இரண்டு தடுப்பும் ஒத்துக்கொண்டால் சட்டம். வண்டி எங்காவது நிற்கும்போது சபாநாயகர் பிளாட்பாரத்தில் இறங்கி அதைத் தமிழிலும், தெலுங்கு பேசும் குடும்பங்கள் இருந்ததால் தெலுங்கிலும், உரக்கச் சொல்ல வேண்டும். அவருடைய தெலுங்கைக் கேட்பதற்கென்றே எங்கள் சபையில் நிறையச் சட்டங்கள் நிறைவேறின.

தேன்மொழி வயிற்றில் இருந்த வருஷம், எனக்கு ஏழாம் மாதம். நின்றுகொண்டே போகக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வேலையை விட முடியாத நிலைமை, வீட்டுக்காரருக்கு மழை பொய்த்து நிலம் சும்மா கிடந்தது. கர்ப்பிணிக்கு எழுந்து இடம் கொடுக்க ஆளில்லையா என்பீர்கள். இருந்தார்கள். ஸ்டெல்லா அக்கா தினமும் எழுந்து நின்றார். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, பகல் முழுக்க நிற்கிறவர். அவர் கால் இரண்டும் வீங்கிக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்கு முடியவில்லை. முருகன் எதிரில் இருந்து பார்ப்பது போல இருந்தது.

அப்போது ஓர் இடம் காலியாகவே சேலம் வரை போகும். ஒற்றை ஜன்னல் சீட்டு. அதில் பச்சைக் கரை போட்ட துண்டு ஒன்று கிடக்கும். பொம்மிடி மாதையன் அண்ணனுடையது. லாரி ஆபீசில் வேலை பார்த்தவர், உடம்புக்கு முடியாமல் மாசக்கணக்கில் படுத்திருந்தார். அவர் திரும்பி வரும்வரை துண்டு போட்டே வைப்பது என்று இரண்டு தடுப்பும் சேர்ந்து போட்ட சட்டம். ஞாயிற்றுக்கிழமை குமாரசாமி அண்ணன் அதைத் துவைத்துக் காயவைப்பார், திங்கட்கிழமை மறுபடி விரிப்பார்.

நான் காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் மனு எழுதிக் கொடுத்தேன். கொடுத்தவள் பேசக் கூடாது, எங்களிடமும் அதே முறைதான். ஸ்டெல்லா அக்கா எடுத்துப் பேசினார். பெண்கள் தடுப்பில் எல்லாக் கையும் மேலே போனது. ஆண்கள் தடுப்பில் ஒரு கைகூட எழவில்லை.

கெட்டவர்கள் இல்லைங்க அவர்கள். குமாரசாமி அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "துண்ட எடுத்தா, அவரு இனிமே வர மாட்டாருன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்மா." எனக்குச் சுருக்கென்றது. மனுவை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். மறுநாளோடு வேலையை விட்டுவிடுவது என்று முடிவும் செய்துவிட்டேன்.

மறுநாள் பொம்மிடியில் வண்டி எக்ஸ்பிரஸுக்காக நின்றது. பிளாட்பாரத்தில் மாதையன் அண்ணன், மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாதி ஆளாகியிருந்தார். முந்தின சாயங்காலம் திரும்பும்போதே குமாரசாமி அண்ணன் பொம்மிடியில் இறங்கி அவர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். பெட்டி முழுக்க ஜன்னலுக்கு வந்துவிட்டது.

"துண்ட யாரும் எடுக்க வேணாம்" என்றார் மாதையன் அண்ணன். மூச்சு வாங்கினார். என்னைப் பார்த்தார். "அது மேலயே உக்காரு கண்ணு. எடம் உனக்கில்ல, வயித்துல இருக்கறதுக்கு. நான் வந்து அதுகிட்டயே கேட்டு வாங்கிக்கறேன்."

ஆண்கள் தடுப்பில் முதலில் யார் கைதூக்கினார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, கண்ணைத் தண்ணீர் மறைத்துவிட்டது. குமாரசாமி அண்ணன் அங்கேயே இறங்கிச் சட்டத்தை வாசித்தார். 'கர்ப்பிணி' என்பதற்குத் தெலுங்கு வார்த்தை தெரியாமல் வயிற்றைத் தடவிக் காட்டினார். மாதையன் அண்ணன் சிரித்த சிரிப்பில் அவர் மனைவி பயந்துபோய் முதுகைத் தேய்த்துவிட்டார்.

பிரசவத்துக்குப் போகும்வரை அந்தத் துண்டின் மேல் உட்கார்ந்து போனேன். தினமும் அவருக்காக வேண்டிக்கொண்டுதான் உட்காருவேன். ஸ்டெல்லா அக்கா ஜெபமாலை உருட்டுவார். யார் வேண்டியது எந்தச் சாமிக்குக் கேட்டதோ, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் திரும்ப அந்தப் பெட்டியில் ஏறிய அன்று, பொம்மிடியில் மாதையன் அண்ணன் ஏறிவந்து தன் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். உட்காரவில்லை. வேலைக்குத் திரும்பி இரண்டு வாரமாக இப்படியே நிற்கிறாராம்.

"மெம்பரு உத்தரவு குடுக்கட்டும்" என்றார்.

தேன்மொழி துண்டின் முனையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு கெஞ்சியும் விடவில்லை. கடைசியில் சபாநாயகர் தீர்ப்புச் சொன்னார்: இடம் அண்ணனுக்கு, துண்டு பிள்ளைக்கு. அதன்பிறகும் சில வருஷம் அண்ணன் அந்த ஜன்னலில் காற்று வாங்கிக்கொண்டு போனார்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அங்கே மேட்டில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. அவள் போனைத் தன் முகத்துப் பக்கம் திருப்பினாள். அப்புறம், "ம்மா, அந்தத் துண்டு இருக்குதா?" என்றாள்.

வீட்டில் டிரங்குப் பெட்டியடியில் இருந்தது. கரை வெளுத்திருந்தாலும் துணி கெட்டி. அந்த வெள்ளிக்கிழமை சேலத்தில் ஒரு கோயிலுக்கு வேண்டுதல் இருந்தது. எனக்கு இருந்த உற்சாகத்தில் பஸ்ஸை விட்டுவிட்டு மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டி வந்தது. கொத்தமல்லி வாசம் இல்லை. தடுப்புகள் இல்லை. மூன்றாவது பெட்டிக்கு ஓடி, கை தானாகவே சுழன்று, ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்துவிட்டேன்.

ஏறிப் பார்த்தால், காதில் ஒயர் மாட்டிய ஒரு பிள்ளை அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தான். நல்ல பிள்ளை. என்னைக் கண்டதும் எழுந்து இடம் விட்டான். துண்டையும் பதமாக மடித்து என் கையில் கொடுத்தான்.

"அம்மா, இது உங்களதுங்களா? காத்துல பறந்து உள்ள வந்துடுச்சுங்க."