பஞ்சைக் குழாயடியில் கழுவக் கூடாது

மீன்தொட்டி சுத்தம் செய்கிறவனின் பெயர், மீன் சாகும்போதுதான் வீட்டுக்காரருக்கு ஞாபகம் வரும்.

நான் புத்தூர்க்காரன். எல்லை பிரித்தபோது ஆந்திரத்துப் பக்கம் நின்றுவிட்ட தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், வேலைக்குப் போகிற இடத்தில் தெலுங்கு. திருப்பதி, சித்தூர் என்று எங்கே மீன்தொட்டி இருந்தாலும் வாளியோடு பைக்கில் போவேன். ஃபில்டரைக் கழற்றி, பஞ்சை அலசி, வேண்டியதை மாற்றி வைப்பதுதான் வேலை. இதே வேலையில் கை நாறிக்கொண்டிருப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது.

வெள்ளை வெளேர்

தொழிலுக்கு வந்த புதிது. திருப்பதியில் ஒரு லாட்ஜின் வரவேற்பறைத் தொட்டி கலங்கிக் கிடந்தது. ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிடித்துப் பிழிந்து பிழிந்து வெள்ளை வெளேரென்று ஆக்கினேன். ஃபில்டருக்குள் இருக்கும் பீங்கான் வளையங்களையும் மொத்தமாக மாற்றினேன். பெருமையாக இருந்தது.

அந்தப் பழுப்பு அழுக்கில்தான் மீன் கழிவை முறிக்கிற நுண்ணுயிர் குடியிருக்கிறது, குழாய்த் தண்ணீரின் குளோரின் பட்டால் அது செத்துவிடும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. தொட்டித் தண்ணீரிலேயே அலசி, பாதியை மட்டும் மாற்றியிருக்க வேண்டும். நாலாம் நாள் கூப்பிட்டார்கள். பதினோரு தங்கமீன்களும் வயிறு தெரிய மிதந்தன. ஒவ்வொன்றாக வலையில் எடுக்கும்போது மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். திட்டவில்லை.

“நீ வர்றதுக்கு முன்னாடி தண்ணி மட்டுந்தான்யா கெட்டுப்போயி இருந்துச்சு.”

ஷாக்

அதே ஊரில் ஒரு ஜவுளிக்கடை. மோட்டாரை அணைத்துவிட்டேன் என்றார் கடைக்காரர். நம்பிக் கையை விட்டேன். அவர் அணைத்தது விளக்கை. தூக்கி எறிந்ததில் சேலைக் கட்டுகள் மேல் போய் விழுந்தேன். வலது கை தோள்வரை மரத்துவிட்டது. கடைக்காரர் பதறி ஓடிவந்தார். என்னைத் தாண்டிப் போய்த் தொட்டிக்குள் குனிந்து பார்த்துவிட்டு, மீனெல்லாம் நன்றாக இருக்கிறதா என்று என்னிடமே தெலுங்கில் கேட்டார்:

“சேப்பலு பாகுன்னாயா?”

நாற்காலி

சித்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. தீவிர சிகிச்சை அறைக்கு வெளியே, காத்திருக்கிறவர்கள் பார்ப்பதற்காக ஒரு தொட்டி. ஒரு நாள் அதில் ஒரு கறுப்பு மீன் சாய்ந்து கிடந்தது. செவுள் மட்டும் அசைந்தது. எடுத்துவிடலாம் என்று வலையை விட்டேன். எதிர் நாற்காலியில் இருந்த பெண் எழுந்து வந்தாள். நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். புருஷன் உள்ளே மூச்சுக்குழாயோடு கிடந்தான்.

“அத்த எடுக்காதண்ணா. நாலு நாளா அத்தத்தான் பாத்துக்கினு கீறேன். அது மூச்சு வுட்டுக்கினு இருந்தா அவரும் வுடுவாரு.”

சாகப்போகிற மீனை விட்டுவைத்தால் தண்ணீர் கெடும். ஆனாலும் விட்டேன். பஞ்சைப் பாதி மாற்றி, காற்றுக் குழாயை அந்த மீன் பக்கம் திருப்பி வைத்தேன். அவள் என்னைக் கும்பிட்டதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அடுத்த வாரம் போனபோது மீன் நீந்திக்கொண்டிருந்தது. அவளிடம் காட்டலாம் என்று திரும்பினால் நாற்காலி காலி. வாட்ச்மேனிடம் விசாரித்தேன்.

“அந்தம்மாவா? நீ வந்துட்டு போன மறுநாளே பொணத்த எடுத்துக்கினு போயிட்டாங்க. ஏன், மீனுக்கு என்னா?”

இரண்டு பாதி

வரதய்யபாளையத்தில் ஒரு விவசாயி. கம்பெனி வேலைக்குப் போன மகன் ஆசையாக வாங்கி வைத்த தொட்டி. மூன்று மாதம் முன்பு நாயுடுபேட்டை ரோட்டில் லாரி மோதி அந்த மகன் போய்விட்டான். அதன்பிறகு பெரியவர் ஃபில்டரை யாரையும் திறக்க விடவில்லை. நான் போனபோது மீன்களெல்லாம் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

“இந்தப் பஞ்சு அவன் கையால வெச்சது தம்பி. அத்த மாத்தாம மீனப் பொழைக்க வெக்க முடியுமா?”

“முடியாது நைனா. ஆனா பூராவும் மாத்தவும் கூடாது. பழசுலதான் உசுரு கீது.”

அவர் கையை நீட்டி என் கத்தரியை வாங்கினார். சேறு வழிந்த பஞ்சை அவரே இரண்டாக வெட்டினார். ஒரு பாதியைத் தொட்டித் தண்ணீரில் மெதுவாக அலசிப் பழையபடி வைத்தேன். அதன் பக்கத்தில் புதுப் பஞ்சு. வெட்டி எடுத்த பாதியை அவர் துண்டில் சுற்றிக்கொண்டார். மோட்டார் ஓடியது. சாயங்காலத்துக்குள் மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அடுத்த முறை மாற்ற வேண்டியது அந்தப் பழைய பாதியைத்தான். அதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் சொன்னார்:

“இது அவன் பாதி, அது உன் பாதி. மறுபடி வந்தா உன் பாதிய மட்டும் மாத்திட்டுப் போ தம்பி.”

இத்தனை வருஷமாக எல்லாரும் என்னை மீனுக்காகத்தான் கூப்பிடுகிறார்கள்; மீன்களால் மட்டும் எனக்கு இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை.