இரண்டு தட்டு கேட்காமல் திருப்பமாட்டேன்

நாற்பதடி கொண்டெய்னரை இடப்பக்கம் திருப்ப முதலில் வலப்பக்கம் அகல எடுக்கவேண்டும். எங்கள் தொழிலில் ஏச்சு வாங்குவது அங்கேயே தொடங்கிவிடும். முன்சில்லு போன வழியில் பின்சில்லு வராது, மூலையை வெட்டிக்கொண்டு உள்ளே வரும். அந்த இடைவெளியில் யார் நின்றாலும் எனக்குத் தெரியாது. அதனால் என் உதவியாளர் ஃபாரூக் நானா இறங்கிப்போய்ப் பார்த்து, வண்டியின் இடப்பக்கத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவார். அது கேட்டால்தான் திருப்புவேன். பெரிய வண்டி ஓட்டுகிற உங்களுக்கு இது புதிதல்ல. பின்னால் நின்று ஹோர்ன் அடிக்கிறவர்களும் ஒருமுறை வாசிக்கட்டும்.

காலி இடம்

கொட்டாஞ்சேனைச் சந்தியில் அகல எடுத்து நின்றேன். ஒரு த்ரீவீல் அந்த இடைவெளிக்குள் மூக்கை நுழைத்தது. நானா குறுக்கே நின்று மறித்தார். சாக ஆசையா என்று நான் மேலிருந்து கத்தினேன். த்ரீவீல்கார மனுசனுக்குக் கோபமே வரவில்லை, மனம்தான் நொந்துவிட்டது.

"அண்ணன் வழி விட்டுத் தாறீங்க எண்டு நினைச்சுத்தான் வந்தனான்."

வெள்ளவத்தையில் ஒரு கார்

ஞாயிறு காலை, ஒரு கட்டடத்துக்கு டைல்ஸ் கொண்டுபோனேன். நான் திரும்பவேண்டிய ஒழுங்கை மூலையில் ஒரு கார், ஆளில்லை. உரசாமல் எடுக்கலாம் என்று நாலு பேர் கைகாட்டினார்கள். கைகாட்டுகிறவர்கள் யாரும் பிறகு பொலிசுக்கு வந்து சாட்சி சொல்வதில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு இருந்தேன். பின்னால் காலி வீதியில் அடைபட்டு நின்றவர்கள் எல்லாரும் என் பரம்பரையை விசாரித்தார்கள். கடைசியில் பேக்கரிக்குள்ளிருந்து ரோல்ஸ் பையோடு காருக்குச் சொந்தக்கார அம்மா வந்து, என் வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய வண்டிய வச்சுக்கொண்டு இந்தச் சின்னக் காருக்குப் பயப்பிடுறீங்களே தம்பி."

கமரா

இரத்மலானை யார்டுக்குப் புதிதாக வந்த மெனேஜர் இடப்பக்கம் தெரிய வண்டியில் கமரா பூட்டினார். இனி நானா தேவையில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார். நானா வண்டியில் கிடந்த தன் மாற்றுச் சாரத்தை மடித்துப் பையில் வைத்தார். தட்டு கேட்காமல் திருப்பமாட்டேன் என்றேன். அப்படியானால் உமக்கும் வேலை இல்லை என்றார் மெனேஜர்.

அடுத்த நாள் தனியாகப் போனேன். மழை. கமராவில் சேறுதான் தெரிந்தது. அதே கொட்டாஞ்சேனைச் சந்தி. நானே இறங்கி, சுற்றிப்போய்ப் பார்த்தேன். ஏறி உட்காருவதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. மறுபடி இறங்கினேன். மறுபடி ஒன்று. சந்தி அடைபட்டது. வேலை போனால் போகட்டும் என்று ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுத்துவிட்டேன்.

பொலிஸ்காரர் சிங்களத்தில் ஏசிக்கொண்டே வந்தார். இடப்பக்கம் பார்த்துத் தட்டுங்கள், எடுக்கிறேன் என்றேன். முணுமுணுத்துக்கொண்டு போனவர் அங்கேயே நின்றுவிட்டார். பின்சில்லுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கூட்டி, அதில் ஒரு தாய், பின்னால் வெள்ளைச் சீருடையில் மகள். அவர்களை நடைபாதையில் ஏற்றிவிட்டு, அவரே தட்டினார், இரண்டு தரம். அதன்பிறகுதான் திருப்பினேன்.

பின்னேரம், சந்தி அடைபட்ட கதையைக் கேள்விப்பட்ட மெனேஜர் கூப்பிட்டு, நாளைக்கும் இப்படித்தானா என்று கேட்டார். ஒவ்வொரு மூலையிலும் இப்படித்தான் என்றேன்.

"நீர் திருந்தப்போறதில்ல, நாளைக்கு நானாவையும் ஏத்திக்கொண்டு போய்த் தொலையும்."

கமராவும் எங்களோடுதான் வருகிறது. பாவம், அதற்குத் தட்டத்தான் தெரியாது.