சைமன்ராஜ் போட்ட பதில்கள்

சைமன்ராஜ் ராணுவத்தில் சேர மூன்று முறை அக்னிவீர் தேர்வு எழுதினான். முதல் முறை, தப்பான பதிலுக்கு மார்க் குறையும் என்று தெரிந்தும், தெரியாத கேள்விகளைச் சும்மா விட மனசு வரவில்லை. குத்துமதிப்பாகத் தட்டினான், போனது. இரண்டாவது முறை பாஸ் மார்க்குக்கு மேலேயே எடுத்தான். பாஸ் மார்க் வேறு, கட்-ஆஃப் வேறு என்பது பட்டியலில் பேரைத் தேடியபோதுதான் உறைத்தது. மூன்றாவதுதான் கடைசி. அதற்கு மேல் வயது தாண்டிவிடும்.

வீடு மந்தாரக்குப்பத்தில். அப்பா சேவியர்ராஜ் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கும் நிலக்கரியை வாரிப் போடுகிற வேலை. பெர்மனென்ட் ஆகிவிடும் என்று நம்பியே முதுகு போய்விட்டது. அதனால் சைமன்ராஜ் காலையில் டவுன்ஷிப் மைதானத்தில் ஓடிவிட்டு, அப்படியே குவார்ட்டர்ஸ்களுக்குத் தண்ணி கேன் போடுவான். மத்தியானம் கணக்கும் பொது அறிவும். சாயங்காலம் மறுபடி ஓட்டம்.

மூன்றாவது முறை எழுத்துத் தேர்வில் தேறினான். வெளியூர் மைதானத்தில் ஓடினான், பள்ளம் தாண்டினான், கம்பியில் தொங்கி உடம்பைத் தூக்கினான். உயரம், மார்பு எல்லாம் சரி. மருத்துவப் பரிசோதனைக்கு முன்னால் ஒன்றுதான் பாக்கி. பட்டாள வாழ்க்கைக்கு மனசு ஒத்துவருமா என்று பார்க்கிற தேர்வு. மைதானத்திலேயே உட்கார்ந்து செல்போனில் பதில் போட வேண்டும்.

கூட ஓடிய விஷ்ணு சுரங்கத்தில் பெர்மனென்ட் ஆனவர் வீட்டுப் பையன், கோச்சிங் போனவன். "எல்லாத்துக்கும் நல்ல மாதிரியே போட்டுகினு போ. நின்னு யோசிக்காத" என்றான்.

முதல் கேள்விகளுக்கு அப்படித்தான் போட்டான். பிறகு ஒன்று வந்தது. காலையில் எழும்போதே களைப்பாக இருக்கிறதா? எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை.

சைமன்ராஜ் நின்றுவிட்டான். ஓடிய வியர்வை இன்னும் காயவில்லை. எத்தனை மார்க், எவ்வளவு உயரம், எத்தனை நிமிஷம் என்று எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். இதை இதுவரை ஒருத்தரும் அவனிடம் கேட்டதில்லை. எப்போதும் என்று தொட்டான். அதன் பிறகு கை தானாகப் போனது. ராத்திரி தூக்கம் வருமா? சில நேரம். கவலை வந்தால் யாரிடமாவது சொல்வீர்களா? ஒருபோதும் இல்லை.

விஷ்ணு தேறி, மருத்துவப் பரிசோதனைக்கு உள்ளே போனான். தேறாத சைமன்ராஜை வேறு வாசல் வழியாக வெளியே அனுப்பினார்கள்.

வடலூரில் பஸ் மாறி வீடு வந்து சேர்ந்தபோது அப்பா ஷிப்டு முடிந்து வந்திருந்தார். நடந்ததைச் சொன்னான். அவர் முதுகைச் சுவரில் சாய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இல்லைன்னு போட்டிருந்தா முடிஞ்சிருக்குமேடா" என்றார்.

"ஆமாப்பா."

"தெரியாமயா போட்ட?"

"தெரிஞ்சுதான்."

அம்மா செசிலியா சோற்றுத் தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

"எப்பவுமே களைப்பாவா இருக்குது?"

"ஆமாம்மா."

"எங்கிட்ட சொல்லலியே."

அவன் சோற்றைப் பிசைந்தான். அம்மா எழுந்துபோய்க் கேன் கடைக்காரருக்குப் போன் போட்டாள். "இந்த வாரம் பையன் வரமாட்டாங்க. வேற ஆளப் பாத்துக்குங்க" என்றாள். கடைக்காரர் ஏதோ கத்தியது வெளியே கேட்டது. அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் வரை அவன் தூங்கினான். பக்கத்து வீட்டு டிவியைக்கூட அவள் போய்க் குறைக்கச் சொன்னாளாம்.

இப்போது அப்பாவின் கான்ட்ராக்டரிடமே வேலை பார்க்கிறான். பெல்ட்தான். அப்பாவை நிறுத்திவிட்டார்கள், இவன் போவதால் வீடு ஓடுகிறது. பயிற்சியிலிருந்து விஷ்ணு எப்போதாவது பேசுவான். அங்கே சாப்பாடு, ஓட்டம், மொழி தெரியாத திண்டாட்டம் எல்லாம் சொல்வான். சைமன்ராஜ் கேட்டுக்கொள்வான்.

போன வாரம் தங்கை கிறிஸ்டினா போலீஸ் வேலைக்கு விளம்பரம் வந்திருப்பதாகச் சொன்னாள். அதற்கு இன்னும் வயது இருக்கிறதாம்.

"பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினான்.